சினை ஊசிக்காரர் வண்டிக்கு எந்த ட்யூனர்?

1. மூன்று படங்கள்

பாண்டி தன் கைபேசியை என் மேசைமேல் வைத்து மூன்று படங்களை மாற்றி மாற்றிக் காட்டினார்.

"அக்கா, இந்த மூணுல எதை வாங்க? நீங்க கை காட்டுறதத்தான் வாங்குவேன்."

தல்லாகுளம் பக்கம் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதினோரு வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு, பழங்காநத்தத்தில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டவள் நான். இப்படி யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லித்தான் பழக்கம். அன்றைக்கு மூன்று படங்களையும் இரண்டு தடவை தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

பாண்டி திருமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். அவர் பைக்கின் இடப்பக்கம் ஒரு இரும்புக் கூண்டு இருக்கும். அதற்குள் நைட்ரஜன் கேன். காளை விந்து அதில் உறைந்த நிலையில் இருக்கும். கேன் கவிழ்ந்தால் எல்லாம் வீண்.

வாய்க்காலில் இறங்கி ஏற வேண்டியிருப்பதால் சைலன்சரை வெட்டி உயர்த்தியிருந்தார். இழுவைக்காகப் பின்பக்கம் பெரிய செயின் ஸ்ப்ராக்கெட் போட்டிருந்தார். யாரோ சொன்னார்கள் என்று ஏர் ஃபில்டரையும் மாற்றியிருந்தார். அதன்பிறகுதான் வினை ஆரம்பித்தது.

"மெதுவாப் போனா வண்டி குதிக்குதுக்கா. மெயின் ரோட்டுல ஒரு குறையும் இல்ல. போன வாரம் வரப்புல ஒரு குதி குதிச்சுச்சு பாருங்க, நான் ஒரு பக்கம், கேன் ஒரு பக்கம். அம்புட்டும் போச்சு."

எஃப்.ஐ. வண்டியில், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் வண்டியில், சைலன்சரையும் ஃபில்டரையும் மாற்றினால் காற்று கூடுதலாகப் போகும், பெட்ரோல் பற்றாது. பெட்ரோலைக் கூட்டத்தான் ட்யூனர். படத்தில் இருந்த முதலாவது, இன்ஜெக்டர் ஒயரில் சொருகும் பெட்டி. பட்டனை அழுத்தி ஒன்றிலிருந்து ஒன்பது வரை அளவைக் கூட்டலாம். இரண்டாவது, பெட்ரோல் கூடுதலா குறைவா என்று புகைக் குழாயில் பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரில் மாட்டும் சின்னப் பெட்டி; சென்சார் சொல்வதை மாற்றி, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வுக்கு அனுப்பும். மூன்றாவது பெட்டியே அல்ல. ஈ.சி.யு.வையே லேப்டாப்பில் திருத்தி எழுதுவது. அதற்குக் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும்.

"நல்லா இல்லேன்னா முதலாவதை சாயங்காலமே கழட்டிரலாம். அதையே வாங்குங்க தம்பி," என்றேன்.

யோசித்துப் பார்த்தால் அது ஒரு காரணமே இல்லை.

2. ஒருநாள் நன்றாக இருந்தது

பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மாட்டினேன். மூன்றாம் எண்ணில் வைத்தேன். ஒர்க்‌ஷாப் சந்தில் நடை வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு குதி இல்லை. பாண்டி கையெடுத்துக் கும்பிட்டார்.

மூன்றாம் நாள் மறுபடி வந்து நின்றார்.

"முந்தாநாள் தங்கமா ஓடுச்சு. நேத்து லேசாக் குதிச்சுச்சு. இன்னைக்குப் பழையபடி."

மறுபடி பேட்டரியைக் கழற்றிவிட்டு, பெட்டியின் எண்ணை ஐந்தாக்கினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. பிறகு அதே கதை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரிக்கட்டையாக இருந்தது. பெட்ரோல் அதிகமானால்தான் பிளக் கறுக்கும். நாங்களோ பெட்ரோல் பற்றவில்லை என்று கூட்டிக்கொண்டிருந்தோம். ஸ்கேனரைப் போட்டேன். கோளாறைச் சொல்லும் ஃபால்ட் கோடு ஒன்றுகூட இல்லை.

கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த சேவியர் இப்போது கோயம்புத்தூரில் ட்யூனிங் செய்கிறார். அவருக்குப் போன் போட்டேன்.

"ராஜி, நீங்க பெட்டியை வச்சுக் கூட்டுறீங்க. சென்சார் அதைப் பார்த்து ஈ.சி.யு.கிட்ட சொல்லிடும். அது ரெண்டு நாள்ல கத்துக்கிட்டுக் குறைச்சிடும். அதையே திருத்தி எழுதி ஃப்ளாஷ் பண்றதுதான் வழி. ஈ.சி.யு.வை அனுப்பிவிடுங்க."

"குறைக்குதுன்னா பிளக் ஏன் சேவியர் கருப்பா இருக்கு?"

"அது எனக்கும் புரியல," என்றார்.

ஈ.சி.யு.வை அனுப்பினால் நான்கு நாள் பாண்டிக்கு வண்டி இல்லை. முதலில் பெட்டியைக் கழற்றுவோம் என்று கழற்றினேன். பெட்டி இல்லாமலே வண்டி இரண்டு நாள் அருமையாக ஓடியது!

இத்தனை வருட வேலையில் அப்படி ஒரு குழப்பத்தில் நான் இருந்ததில்லை. போட்டாலும் சரியாகிறது, கழற்றினாலும் சரியாகிறது. மூன்றாம் நாள் இரண்டும் ஒன்றுதான். வீட்டில் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதுகூட பிளக் நிறமே கண்ணில் நின்றது.

3. மூக்கம்மாவின் மாடு

"நாளைக்கு உங்ககூட நானும் வாரேன். நீங்க எப்படி ஓட்டுறீங்கன்னு பாக்கணும்," என்றேன்.

ஸ்கேனரை ஒயரோடு மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். திருமங்கலம் ரோட்டில் சென்சார் எண் ஒழுங்காக ஏறி இறங்கியது. மண்பாதையில் இறங்கி நடை வேகத்துக்கு வந்ததும், எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பெட்ரோல் பற்றவே இல்லை என்கிறது சென்சார். அளவுக்கு மேல் என்கிறது பிளக். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. எது என்று தெரியவில்லை.

யோசித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி நான்கு குதி குதித்து வாய்க்கால் மேட்டில் நின்றுவிட்டது. பாண்டி கேனை அணைத்துப் பிடித்துக்கொண்டார். பிளக்கைத் துடைத்துத் துடைத்துக் கிளப்புவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் அவருக்கு ஐந்து போன்.

போய்ச் சேர்ந்தபோது மூக்கம்மா என்ற பெண்மணி தொழுவத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நேத்து மத்தியானத்துல இருந்து கத்துன மாடு. விடியக் காலையில வாரேன்னு சொல்லிட்டு இப்ப வாரே!"

பாண்டி மாட்டைச் சோதித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பருவம் தாண்டிருச்சுத்தா. இனி மூணு வாரம் ஆகும்."

மூக்கம்மா என் பக்கம் திரும்பினார். "இந்தம்மா ஆரு?"

"வண்டி பாக்குறவங்க."

"அப்ப ஏத்தா, உன்னாலதான் என் மாடு சினைபிடிக்காம நிக்குதா?"

நான் ஸ்கேனர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். மூக்கம்மாவிடம் இருந்தது அந்த ஒரு மாடுதான் என்று திரும்பும் வழியில் பாண்டி சொன்னார். திட்டாமல் சொன்னார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

4. சோப்புத் தண்ணீர்

பொய் சொல்வது சென்சாராக இருந்தால், ஏன் சொல்கிறது? மறுநாள் காலை, இன்ஜின் சூடேறும் முன்பே சைலன்சர் வாயைத் துணியால் அரைகுறையாக அடைத்து, ஓடவிட்டு, குழாய் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். சைலன்சரை உயர்த்தும்போது வைத்த வெல்டிங்கில், சென்சாருக்கு ஒரு விரல் முன்னால், நுரை பொங்கியது. மயிரிழை விரிசல்.

மெதுவாகப் போகும்போது அந்த விரிசல் வழியே வெளிக்காற்று உள்ளே போகிறது. சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் பற்றவில்லை என்கிறது. ஈ.சி.யு. அதை நம்பிக் கூட்டிக்கொண்டே போகிறது. பிளக் கறுத்து, இன்ஜின் திணறி, வண்டி குதிக்கிறது. வேகமாகப் போனால் புகை அழுத்தமாக வெளியேறும், காற்று நுழையாது. அதனால்தான் ரோட்டில் குறையில்லை.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு நாள் எப்படி நன்றாக ஓடியது? பெட்டியை மாட்டவும், அதன் எண்ணை மாற்றவும், கழற்றவும் நான் முதலில் செய்தது பேட்டரியை எடுப்பது. பேட்டரியை எடுத்தால் இந்த ஈ.சி.யு. கற்றுக்கொண்டதை மறந்துவிடும். மறுபடி தப்பாகக் கற்றுக்கொள்ள ஒன்றிரண்டு நாள். நான் செய்த வேலை அவ்வளவுதான்.

வெல்டிங்கைச் சுரண்டி எடுத்துப் புதிதாக வைத்தோம். காற்று அளவோடு போகட்டும் என்று பழைய ஏர் ஃபில்டரையே போட்டோம். பத்து நாள் காத்திருந்தேன். பாண்டியிடமிருந்து புகார் வரவில்லை.

புதிதாக எஃப்.ஐ. வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த ட்யூனர் என்று கேட்டு வந்தால், வண்டி எந்த வேகத்தில் எந்தப் பாதையில் ஓடுகிறது என்று திருப்பிக் கேளுங்கள். சென்சார் சொல்வது உண்மைதானா என்று பாருங்கள். அதன்பிறகு பெட்டியைப் பற்றிப் பேசலாம். சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாமல் வண்டியை வெளியே விடாதீர்கள்.

பெட்டி தேவையில்லை, முதலிலேயே நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று பாண்டியிடம் ஒப்புக்கொண்டேன்.

"அத மூக்கம்மா ஆத்தாகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருங்கக்கா. இன்னும் என்னயத்தான் வையுது," என்றார்.

போனேன். மூக்கம்மா புல் அறுத்துக்கொண்டிருந்தார். விரிசல், சென்சார், பேட்டரி என்று என்னால் முடிந்த அளவுக்கு விளக்கினேன். அரிவாளை நிறுத்தாமலே கேட்டார். கடைசியில் நிமிர்ந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். இன்னும் பத்து நாள்ல மாடு கத்தும். அவென் நேரத்துக்கு வந்துருவானா?"

"வந்துருவாரும்மா," என்றேன்.

இத்தனை நாளில் குழப்பமில்லாமல் நான் சொன்ன முதல் பதில் அதுதான்.