ஒப்புதல் பெற்ற பன்னிரண்டு கேள்விகள்

பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது. அந்த மூன்று நாளில் எங்களில் ஒருவர்கூட ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. "கேள்விகளைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்" என்றுதான் பயிற்சியாளர் சொன்னார். கடைசியில் சான்றிதழும் குரூப் போட்டோவும் இருந்தன. கேள்விக்கு நேரம் இல்லை.

சுற்றறிக்கையில் அதன் பெயர் 'திறனாய்வுச் சிந்தனை'. பயிற்சியாளர் 'கிரிட்டிக்கல் திங்கிங்' என்றார். எங்கள் ஊரில் கிரிட்டிக்கல் என்றால் ஆள் ஐ.சி.யூ.வில் இருக்கிறார், சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடலாம் என்று பொருள். "சிந்தனைக்கு அவ்வளவு முடியாமப் போச்சா?" என்று பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் என் காதைக் கடித்தார். மூன்று நாளில் என் காதில் விழுந்த உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

நான் தூத்துக்குடியில் கடலோரம் உள்ள ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். பத்தொன்பது வருஷ சர்வீஸ். பயிற்சி முடிந்து வந்த மறுநாளே தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். அவர் கன்னியாஸ்திரி; நாங்கள் சிஸ்டர் என்போம்.

"ரெண்டு வாரத்துல கல்வி ஆபீஸ்ல இருந்து பாக்க வாராங்க. ஏழாம் வகுப்பு உங்க வகுப்புதான். பிள்ளைங்க கேள்வி கேக்கணும் டீச்சர். தானாக் கேக்கணும். என்னென்ன கேக்கணும்னு இன்னைக்கே எழுதிக் கொடுத்துருங்க."

தானாகக் கேட்க வேண்டிய கேள்விகளை அன்று மதியமே உட்கார்ந்து எழுதினேன். பதினான்கு வந்தது. சிஸ்டர் சிவப்புப் பேனாவோடு படித்தார். உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களுக்குக் கண் ஏன் கெட்டுப்போகிறது என்ற கேள்வியை அடித்துவிட்டு, "இது சோஷியல்ல வரும், சயின்ஸ்ல வராது" என்றார். கரையோரத்தில் சில நாள் தண்ணீர் ஏன் நிறம் மாறுகிறது என்ற கேள்விக்குக் காரணம்கூடச் சொல்லவில்லை, கோடு மட்டும் போட்டார். மீதிப் பன்னிரண்டின் கீழே கையெழுத்திட்டு ஸ்கூல் சீலும் வைத்தார்.

பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கேள்வியாகப் பிரித்துக் கொடுத்தேன். கேள்வியை மனப்பாடம் செய்வது எளிதாக இருந்தது. சந்தேகம் வந்தது போல் முகத்தை வைத்துக்கொள்வதுதான் யாருக்கும் வரவில்லை. "யோசிக்கிற மாதிரி நில்லு" என்றால் தலையில் அடிபட்ட மாதிரி நின்றார்கள். ஒருவன் மட்டும் சிரத்தையாகத் தலையைச் சொறிந்து பழகினான். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பேன் என்று பயந்து இடம் மாறிவிட்டான்.

ஏழாம் கேள்வியை ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். அவள் அப்பா கடலில் சங்கு குளிக்கப் போகிறவர். கேள்வி, முத்து எப்படி உருவாகிறது என்பது. அவள் வாயில் அது இயல்பாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அதிகம் பேசாத பிள்ளை. சொன்னதை அப்படியே செய்வாள் என்றும் நினைத்தேன். ஒரு பிள்ளையை வருஷம் முழுவதும் பார்த்தும் இவ்வளவு தப்பாக எடை போட ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களால்தான் முடியும்.

வீட்டிலும் அந்த நாட்களில் இதே பேச்சுதான். என் கணவருக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை. காகிதத்தில் இருக்கும் சீல் நம்பரும் பெட்டியில் இருக்கும் சீல் நம்பரும் ஒன்றா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர். ஆனால் யார்டு கேட்டைத் தாண்டியதும் அந்தக் குணத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவார். எங்களுக்கு ஒரே மகள், பத்து வயது. "நீங்க மட்டும் சாப்பிடும்போது போன் பாக்கிய, நான் ஏன் பாக்கக் கூடாது?" என்று ஒருநாள் கேட்டாள். "எதுத்துப் பேசாத" என்றார் அவர். நான் அப்போது பக்கத்து அறையில், 'குழந்தைகளின் கேள்விகளை வரவேற்பது' என்ற தலைப்பில் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே குரல் கொடுத்தேன். "அப்பா சொன்னா கேளு!"

அதிகாரி வந்த அன்று வகுப்பறையில் புது டஸ்டர் இருந்தது. அவர் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சிஸ்டர் வாசலில் நின்றுகொண்டார். பாடம் தொடங்கிய மூன்றாம் நிமிஷத்தில் என் வகுப்பின் அறிவுத்தாகம் வரிசை எண்படி பொங்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காம் கேள்விக்காரன் தலையைச் சொறிந்தான். அதிகாரி நோட்டில் எதையோ எழுதினார்.

ஏழாவதாக அந்தப் பெண் எழுந்தாள். "டீச்சர், முத்து எப்படி உருவாகிறது?"

"அருமையான கேள்வி!" என்று ஆச்சரியப்பட்டேன். ஏழு ஒத்திகையிலும் அதே இடத்தில் ஆச்சரியப்பட்டிருந்ததால் நன்றாகவே வந்தது. "சிப்பிக்குள்ள ஒரு மணல் துகள் போயிரும். அது உறுத்தும். உறுத்தல் தாங்காம சிப்பி அது மேல ஒரு பொருளைச் சுரந்து சுரந்து மூடும். அதுதான் முத்து."

அவள் உட்காரவேண்டும். எட்டாம் எண் எழுந்திருக்கவேண்டும். எட்டாம் எண் எழுந்தும்விட்டான். இவள் உட்காரவில்லை.

"டீச்சர், கடலுக்கு அடியில எல்லாமே மணலுதான?"

"ஆமா."

"எங்க அப்பா எப்பயாச்சும் மட்டிச் சிப்பி கொண்டாருவாவ. எங்கம்மா எத்தன தண்ணில அலசுனாலும் கொழம்புல மணலு கடிபடும் டீச்சர். முத்து ஒருநாளும் கடிபடலயே. மணலுதான் முத்தாவுதுன்னா, எல்லாச் சிப்பியிலயும் முத்து இருக்கணும்லா?"

வகுப்பில் இருந்த மீன்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். மட்டியில் மணல் கடிபடாத வீடு அந்தத் தெருக்களில் கிடையாது. நான் மட்டும் என்ன, நானும் அந்த மணலைத் துப்பியவள்தான். ஒருநாள் கூட எனக்கு இது தோன்றவில்லை.

"நல்ல கேள்வி" என்றேன். இந்த முறை எனக்கு ஆச்சரியம் வரவில்லை, வியர்வை வந்தது. டீச்சர்கள் 'நல்ல கேள்வி' என்றால் பதில் தெரியவில்லை என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு இது ஒன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

அதிகாரி என்னைக் காப்பாற்ற முன்வந்தார். "பாப்பா, எல்லா மணலும் முத்தாகாது. நல்ல மணலா இருக்கணும்."

"நல்ல மணலுன்னா எது சார்?"

"அது… சுத்தமான மணல்."

"கடல்ல கெடக்குற மணலு சுத்தமாத்தான இருக்கும் சார்? தண்ணி அலசிக்கிட்டே இருக்கே?"

அதற்குள் எண் வழங்கப்படாத ஒருவன் எழுந்து, "மீன் வயித்துலயும் மணல் கெடக்குதே, அதுல ஏன் முத்து வரல?" என்றான். இன்னொருத்தி, நண்டு என்றாள். ஒப்புதல் இல்லாத கேள்விகள் நாலா பக்கமிருந்தும் வந்தன. எட்டாம் எண் பாவம், ஒப்புதல் பெற்ற கேள்வியோடு நின்றுகொண்டே இருந்தான். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

அதிகாரி போனதும் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"யாரு கொடுத்த கேள்வி அது?" சிஸ்டர் கையெழுத்திட்ட தாளை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் கொடுக்கல சிஸ்டர்."

"யாரும் கொடுக்காம எப்படிக் கேட்டா?"

"அவளாக் கேட்டா."

"அதெப்படி அவளாக் கேப்பா?"

பிள்ளைகள் தானாகக் கேட்கவேண்டும் என்று இரண்டு வாரமாகப் பாடுபட்ட இருவர் அந்த அறையில் இப்படிப் பேசிக்கொண்டோம்.

மறுநாள் அந்தப் பெண்ணின் அப்பாவை வரச்சொன்னார்கள். கடலுக்குப் போகாமல் வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கண்கள் மட்டும் உப்புத் தண்ணீரில் சிவந்தபடியே இருந்தன. உள்ளே நுழைந்ததுமே மகளைப் பார்த்து, "ஏளா, என்னத்தப் பேசுன? டீச்சர்ட்ட மன்னிப்புக் கேளு" என்றார். என்ன பேசினாள் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த பயம் மெல்ல மெல்லக் குழப்பமாக மாறியது.

"இதுல என்ன தப்பு இருக்கு டீச்சர்? சிப்பியத் தெறந்தா மணலு இருக்கத்தான் செய்யும். மணலெல்லாம் முத்தாச்சுன்னா நான் எதுக்குச் சங்குக்கு மூச்சடக்கிப் போறேன்?"

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றினார். ஆனாலும் வரவழைத்தாகிவிட்டது, வெறுமனே அனுப்ப முடியாது. ஒரு கடிதம் எழுதி வாங்கச் சொன்னார். வாசகத்தை நான்தான் சொன்னேன். "இனிமேல் அனுமதி பெற்ற கேள்விகளை மட்டுமே கேட்பேன்." அவள் அழகான கையெழுத்தில் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, "அனுமதி குடுத்த கேள்வியத்தான் டீச்சர் மொதல்ல கேட்டேன். நீங்க சொன்ன பதில்லதான் சந்தேகம் வந்துச்சு" என்றாள். குறும்பு எதுவும் இல்லை அவள் குரலில். உண்மையாகவே அவளுக்கு எங்கே தப்பு நடந்தது என்று தெரியவேண்டியிருந்தது. நான் கடிதத்தை வாங்கி மடித்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் போனைத் திறந்து தேடினேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. சிப்பி மணலுக்கு நடுவிலேயே வாழ்கிற உயிர். உள்ளே வரும் மணலைத் துப்பத் தெரியாவிட்டால் அது பிழைக்க முடியாது. பெரும்பாலும் உள்ளே நுழைந்துவிடும் ஒட்டுண்ணியோ, அதன் மெல்லிய சதையில் ஏற்படும் காயமோதான் முத்துக்குக் காரணம் என்று போட்டிருந்தது. மணலால் ஆவது மிக அபூர்வமாம். நான் இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது.

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இந்தக் காலத்துப் பிள்ளைக அப்படித்தான்" என்று அவர் போனைப் பார்த்தபடியே தீர்ப்புச் சொன்னார். மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எம்மா, தப்பாச் சொன்னது நீதான?"

"ம்."

"அப்ப லெட்டர் நீதான எழுதணும்? அந்த அக்கா ஏன் எழுதுனா?"

"பெரியவங்க பேசும்போது இடையில வராத" என்றேன். முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்தேன். சொல்லும்போதே என் குரலுக்குள் சிஸ்டரின் குரல் கேட்டது. அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகள் நன்றாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் ஏழாம் வகுப்பில் போய் நின்று, "முத்தைப் பத்தி நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். தேடிப் படித்ததைச் சொன்னேன். கடிதம் வாங்கியதும் தப்பு என்று அந்தப் பெண்ணைப் பார்த்தே சொன்னேன். வகுப்பு நெகிழ்ந்துபோகும், ஒருவேளை கைகூடத் தட்டும் என்று உள்ளூர எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன்.

முதல் பெஞ்சில் ஒருவன் கை தூக்கினான். "டீச்சர், போன டெஸ்ட்டுல மணலுன்னு எழுதி ரெண்டு மார்க் வாங்கிருக்கேன். அதக் கொறைப்பிங்களா?"

"குறைக்க மாட்டேன்."

"நான் மணலுன்னு எழுதாம ரெண்டு மார்க் போச்சு டீச்சர், அதக் குடுப்பிங்களா?" என்றாள் இன்னொருத்தி.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்தாள். "வேற எதெல்லாம் டீச்சர் தப்பாச் சொல்லிருக்கிய?"

தெரியவில்லை என்றேன். அந்தப் பதில் வகுப்புக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அந்த வாரம் முழுவதும் பாடப் புத்தகத்தைப் புரட்டி எனக்கு வேலை வைத்தார்கள். பாதிக் கேள்விகள் பைத்தியக்காரத்தனமானவை. பாடம் நடத்துவதைத் தடுப்பதற்காகவே கேட்ட கேள்விகளும் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்க எனக்கு நாளாயிற்று. மீதியில் சிலவற்றுக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. போர்ஷன் பின்தங்கியது. சிஸ்டர் இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டார். அந்தக் கடிதத்தைத் திருப்பித் தரும்படி நானும் கேட்டேன். "ஃபைல்ல போட்டாச்சே டீச்சர்" என்றார். ஃபைலில் போட்டதை எடுக்க முடியாது என்பது அறிவியல் விதிகளைவிட உறுதியானது.

அதிகாரியின் அறிக்கையும் வந்தது. 'மாணவர்கள் தயக்கமின்றிக் கேள்வி கேட்கிறார்கள், பாராட்டத்தக்கது' என்று எழுதியிருந்தார். அடுத்த வரியில், 'கேள்விகள் பாடத்திட்டத்தின் எல்லைக்குள் அமையுமாறு கவனித்துக்கொள்ளவும்.' பாராட்டு வரியை மட்டும் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்து, சிஸ்டர் ஆபீஸ் வாசலில் ஒட்டிவைத்தார். கூடவே ஒரு கேள்விப் பெட்டியும் வைத்தார்கள். மரப்பெட்டி, பூட்டோடு. பிள்ளைகள் அதற்குள் மிட்டாய்த் தாள்தான் போடுகிறார்கள்.

அந்தப் பெண் இப்போது பெரிய பள்ளிக்குப் போய்விட்டாள். வழியில் பார்த்தால் "நல்லாருக்கியளா டீச்சர்?" என்பாள், அவ்வளவுதான். நான் திருந்திவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் சிலபஸ் முடிக்கவேண்டிய கடைசி மாதத்தில் என் வகுப்புக்கு வந்து பாருங்கள், வாயைத் திறந்தால் அதட்டல்தான் வரும்.

வீட்டில் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. சாயங்காலம் சைக்கிளில் ரோச் பூங்கா வரை தனியாகப் போகக் கூடாது என்று கணவர் மகளிடம் சொன்னார். "ஏன்?" என்றாள். அவர் வழக்கம்போல் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஏன்னா, அந்த ரோட்டுல லாரி வருது" என்றார். "காலையிலயும்தான லாரி வருது, ஸ்கூலுக்கு அந்த வழியாத்தான போறேன்?" என்றாள் அவள். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். யார்டில் சீல் நம்பர் ஒத்துவராதபோது அவர் முகம் இப்படித்தான் ஆகும் போலும். நான் அதைப் பார்த்தது அன்றுதான். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.