மலையில்லாத ஊரிலிருந்து ராத்திரிப் பாறைக்கு: எந்த விளக்கு வாங்கினேன், ஏன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அந்தப் பாறையில் நான் விழுந்ததற்குக் காரணம் என் வயசு இல்லை. நான் பொம்பளை என்பதும் இல்லை. எங்கள் ஊரில் மலை இல்லை என்பதும் இல்லை. வெளிச்சம் சரியில்லை, அவ்வளவுதான். வாயால் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. அதனால் இந்த மாசியில், சம்பா அறுவடை முடிந்த கையோடு, ஏறிக் காட்டிவிட்டு வருவதற்கென்றே கிளம்பினேன். ராத்திரியில் பாறை ஏறப் போகிறவர்களுக்கு விளக்கு வாங்குவதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுநடுவே கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேர் மல்லிகா, வயசு நாற்பத்திரண்டு, திருத்துறைப்பூண்டியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் உயரமாக எதையாவது பார்க்கணும் என்றால் கோயில் கோபுரம், விட்டால் செல்போன் டவர். நாலு வருஷம் முன்னால் மகளைத் திருச்சியில் செயற்கைச் சுவர் ஏறும் வகுப்பில் சேர்த்தேன். அவள் ரெண்டே வாரத்தில் போரடிக்குது என்று விட்டுவிட்டாள். கட்டின பணம் வீணாகிறதே என்று நான் ஏறினேன். இன்னும் இறங்கவில்லை.

தஞ்சாவூரில் எட்டுப் பேர் சேர்ந்த ஒரு குழு. செல்வம் என்று ஒரு தம்பி, கல்லூரியில் வேலை பார்க்கிறவர், அவர்தான் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்வார். கந்தர்வகோட்டை தாண்டி ஒருத்தருடைய சொந்த நிலத்தில் அறுபது அடிக்கு ஒரு பாறை நிற்கிறது. அவரிடம் அனுமதி வாங்கித்தான் ஏறுகிறோம், இடத்தின் பேரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. பகலில் அந்தப் பாறை தோசைக்கல். எங்கள் எல்லாருக்கும் பகலில் வேலை வேறு. ஆகவே பொழுது சாய்ந்த பிறகுதான் ஏறுவோம்.

இதில் 'முதல் கயிறு' என்று ஒன்று உண்டு. முதலில் ஏறுகிறவருக்கு மேலிருந்து கயிறு இருக்காது. இடுப்பில் கட்டின கயிற்றோடு போய், பாறையில் அடித்திருக்கிற ஒவ்வொரு போல்ட்டிலும் கொக்கி மாட்டி, கயிற்றை அதில் நுழைத்துக்கொண்டே ஏறணும். கீழே ஒருத்தர் கயிறு பிடிப்பார். கடைசியாக மாட்டின கொக்கிக்கு மேலே எவ்வளவு தூரம் போயிருக்கிறோமோ, விழுந்தால் அதில் ரெண்டு மடங்கு விழுவோம். போன வருஷம் ஐந்தாவது போல்ட்டுக்கு மேலே நான் அப்படித்தான் விழுந்தேன். கணுக்கால் வீங்கி மூணு வாரம் நொண்டினேன். கால் சரியாகித் திரும்பி வந்து பார்த்தால், ராத்திரி முறைப் பட்டியலில் முதல் கயிற்றுக்கு என் பேரே இல்லை. "நீங்க கீழ கயிறு புடிச்சா எங்களுக்கே ஒரு தைரியங்கக்கா" என்று தேனொழுகச் சொன்னார்கள். செல்வமே அதே பாறையில் ரெண்டு தரம் விழுந்திருக்கிறார், அவர் பேர் மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரே ஒரு ராத்திரி கொடுங்கள் என்று கேட்டேன். பேசிப் பேசிக் கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். கயிற்றில் தொங்காமல், கயிறு மாட்டி இறங்குவதற்காக உச்சியில் அடித்திருக்கிற சங்கிலி வரை போனால் மற்றவர்களைப் போல எனக்கும் முறை. போகாவிட்டால் இந்தப் பேச்சை இனிமேல் எடுக்கக் கூடாது. சரி என்றேன்.

இப்போது விளக்குக்கு வருவோம். போன வருஷம் நான் மாட்டிக்கொண்டு போனது என் வீட்டுக்காரர் சந்திரனுடைய வயல் லைட். எங்கள் பக்கம் எந்த மின்சாமான் கடையிலும் கிடைக்கும், தலையில் பட்டை போட்டுக் கட்டிக்கொள்வது. வரப்பில் நின்று அடித்தால் நாலு வயல் தள்ளி மடை உடைந்திருப்பது தெரியும். தூரத்துக்கு அது ராஜா. ஆனால் பாறையில் மூஞ்சிக்கும் கல்லுக்கும் ஒரு முழம்கூட இருக்காது. அந்தக் குறுகின வெளிச்சம் கல்லில் ஒரு தட்டு அகலத்துக்கு வெள்ளையாகப் பளீரென்று அடிக்கும், அதைத் தாண்டி ஒரே இருட்டு. கால் வைக்கிற இடம் அந்த இருட்டில்தான் இருக்கும். அதனால் முதல் விதி: தூரம் போகிற விளக்கு வேண்டாம், பக்கத்தில் அகலமாகப் பரவுகிற விளக்கு வேண்டும். கடையில் ஒரு முழம் தள்ளிச் சுவரில் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஓரம் தெரியாமல் பரவினால் எடுத்துக்கொள்ளுங்கள், நடுவில் பொட்டு வைத்த மாதிரி விழுந்தால் வைத்துவிடுங்கள்.

இரண்டாவது பேட்டரி. இது என் தொழில், என்னிடம் யாரும் கதை விட முடியாது. அட்டையில் 9900 எம்ஏஹெச் என்று அச்சடித்த ஒரு விரல் நீள செல்லை வாங்கி வந்து கடையில் மீட்டர் போட்டுப் பார்த்தேன். 1100 கூட ஏறவில்லை. அந்த அளவு செல்லில் நல்லதே மூவாயிரத்துச் சொச்சம்தான் வரும், அதற்கு மேலே எழுதியிருந்தால் பொய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அட்டையைப் படிக்காதீர்கள். முழுசாகச் சார்ஜ் போட்டு, நடுத்தர வெளிச்சத்தில் வீட்டிலேயே எரியவிட்டு எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். எப்படி அணைகிறது என்பதையும் பாருங்கள். மங்கி மங்கி அணைந்தால் இறங்க நேரம் கிடைக்கும். பொட்டென்று அணைகிற விளக்கை மாட்டிக்கொண்டு மேலே போகாதீர்கள்.

மூன்றாவது யோசனை என் மேஜையில் கிடைத்தது. செல்போன் கண்ணாடியில் கீறல் தேடும்போது விளக்கை நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் முடி கனத்துக் கீறலும் நிழல் விட்டுக் காட்டும். பாறையும் அப்படித்தான் இருக்கணும் இல்லையா? நெற்றி விளக்கு பார்வைக்கு நேராகவே அடிப்பதால் கல்லில் இருக்கிற மேடு பள்ளமெல்லாம் தட்டையாகிவிடுகிறது. அதனால் நெற்றிக்கு ஒன்று, இடுப்புப் பட்டையில் பக்கவாட்டில் மாட்ட கிளிப் வைத்த குட்டி விளக்கு ஒன்று என்று ரெண்டு வாங்கினேன். நெற்றி விளக்கு 1,450 ரூபாய், 90 கிராம், டைப்-சி சார்ஜ், செல்லைக் கழற்றி மாற்றலாம். குட்டி விளக்கு 380. "இடுப்புல லைட்டா?" என்று செல்வம் போனிலேயே சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பதினொன்றரைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்காரரோடு கிளம்பினேன். திருத்துறைப்பூண்டியிலிருந்து மன்னார்குடி, அங்கே பஸ் மாறித் தஞ்சாவூர். மொத்தம் அறுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், ரெண்டே கால் மணி நேரம் ஆனது, ஆளுக்கு அறுபது ரூபாய்க்குள் முடிந்தது. கண்டக்டர் கயிற்று மூட்டையைப் பார்த்துவிட்டு, போர் மோட்டார் இறக்குகிற கயிறா என்று கேட்டார். மலை ஏறுகிற கயிறு என்றேன். "இங்க எங்கங்க மலை?" என்று ஜன்னலுக்கு வெளியே காட்டினார். வெளியே அறுத்த வயலின் தாளடியில் உளுந்து பச்சை கட்டியிருந்தது. வீட்டுக்காரர் பக்கத்து சீட்டில் தூங்குகிற மாதிரி நடித்தார்.

சந்திரனைப் பற்றியும் சொல்லணும். மூணு ஏக்கர் விவசாயம். பாறை ஏறுவதில் துளி ஆசை கிடையாது. நான் விழுந்த பிறகு திருச்சிக்கு வந்து, நாலு ஞாயிற்றுக்கிழமை முணுமுணுத்துக்கொண்டே கயிறு பிடிக்கப் பழகினார். "ஏறுறது உன் இஷ்டம், புடிக்கிறது நான்தான்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

எல்லாரும் வந்து சேர்ந்து தஞ்சாவூரிலிருந்து கிளம்ப நாலே முக்கால் ஆனது. செல்வத்தின் வேனில் ஒன்றேகால் மணி நேரம், டீசலுக்கு ஆளுக்கு 200. ஆறு மணிக்குப் பாறையடியில் இருந்தோம். இருட்டட்டும் என்று நானே காத்திருந்தேன். வெளிச்சம் இருக்கும்போதே ஏறிவிட்டாள் என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது பாருங்கள்.

ஏழரைக்கு ஏறினேன். கீழே கயிறு சந்திரன் கையில். நாலு போல்ட் வரை ஒரு தடங்கலும் இல்லை. ஐந்தில் கொக்கி மாட்டிவிட்டு, விழுந்த அதே இடத்துக்கு வந்தேன். இடது கைக்கு நல்ல பிடி, வலது கால் மட்டும் காற்றில். "கயிறு விடுங்க" என்று, கொஞ்சம் தளர்த்தச் சொல்லிக் கத்திக்கொண்டே கால் வைக்கக் கீழே பார்த்தேன். அந்த நொடியில் என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தித் தன் தலை விளக்கை நேராக என் முகத்தில் அடித்தார்.

அவரைத் திட்டாதீர்கள். எங்கள் பக்கத்தில் ராத்திரி வரப்பில் குரல் கேட்டால் முதலில் முகத்தில் வெளிச்சம் அடித்துத்தான் பார்ப்போம். யாரென்று பார்க்காமல் இருட்டில் பேசிக்கொண்டு போகிறவனைத்தான் மடை திருப்பித் தண்ணீர் திருட வந்தவன் என்று சந்தேகப்படுவோம். நானே அப்படித்தான் செய்வேன். இத்தனை பேர் கூடியிருந்தும், பாறையில் அது ஆகாது என்று ஒருத்தருக்கும் சொல்லத் தோன்றவில்லை, ஏனென்றால் அவர்கள் யாரும் அதைச் செய்கிறவர்கள் இல்லை.

கண்ணில் வெள்ளை மட்டும்தான். கல்லும் இல்லை, கையும் இல்லை. சத்தியமாகப் பயந்தேன். கீழேயிருந்து செல்வம், "போதுங்கக்கா, கயித்துல உக்காந்துடுங்க, ஒண்ணும் தப்பில்ல" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் உட்கார்ந்தால் எல்லாம் முடிந்தது, வாழ்நாள் முழுக்கக் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

"என்னங்க, மூஞ்சில அடிக்காதீங்க, கண்ணு தெரியல" என்றேன்.  அவர் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் தன் தோள் துண்டை எடுத்து விளக்கின்மேல் சுற்றச் சொல்லியிருக்கிறார். அதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது, கீழே பளீரென்று இருந்தது மங்கல் மஞ்சளாக மாறியதும், கயிறு இழுபடாமல் தொங்காமல் அளவாக நின்றதும்தான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மூச்சு விட்டேன். விரல் எரிந்தது. கண்ணைத் திறந்து நெற்றி விளக்கைக் குறைத்துவிட்டேன். உடனே இடுப்பு விளக்கின் சாய்ந்த வெளிச்சம் கல்லில் தெரிய ஆரம்பித்தது. வலது முழங்காலுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு விளிம்பு, அதற்குக் கீழே கறுப்பாக நிழல். போன வருஷமும் அது அங்கேதான் இருந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை. காலை வைத்தேன், எழுந்தேன், ஆறாவது கொக்கியை மாட்டினேன். ஏழு. சங்கிலி. மேலே போய் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இறங்கி வந்ததும் எல்லாரும் கை கொடுத்தார்கள். செல்வம் மட்டும் கொஞ்சம் இழுத்தார். "சூப்பருங்கக்கா. எதுக்கும் இன்னொரு வாட்டி ஏறிக் காட்டிட்டீங்கன்னா முறையில சேர்த்துக்கலாம்."

"நீங்க ரெண்டு வாட்டி விழுந்தீங்களே தம்பி, யார்கிட்ட ஏறிக் காட்டினீங்க?" என்று கேட்டேன்.

 வழக்கமாக முதல் கயிறு போனவர் கயிற்றை மேலேயே விட்டுவைப்பார், மற்றவர்கள் அந்தப் பாதுகாப்பில் ஏறுவார்கள். நான் ஒரு முனையைப் பிடித்து உருவினேன். கயிறு முழுக்கச் சரசரவென்று காலடியில் வந்து விழுந்தது, இனி ஏறுகிறவரும் முதல் கயிறாகத்தான் போகணும். "அடுத்தது யாரு?" என்றேன்.  செல்வம் முனையை எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்தக் குட்டி விளக்கைத் தர முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். நானே அவர் இடுப்பில் மாட்டிவிட்டேன். நான்தான் கயிறும் பிடித்தேன்.

போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில விஷயங்கள். கயிறு பிடிக்கிறவரின் விளக்குக்கு மங்கலான அல்லது சிவப்பு வெளிச்சம் கட்டாயம் இருக்கணும், மேலே இருப்பவரின் முகத்தில் அடிக்கக் கூடாது என்று ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள், புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும். பக்கத்தில் ஏரி குளம் இருந்தால் வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சி மொய்க்கும், மஞ்சள் வெளிச்சம் தேவலை. பைக்குள்ளே தானாக எரிந்து தீர்ந்துபோகாமல் இருக்க பூட்டு வசதி பார்த்து வாங்குங்கள். மாற்றுச் செல் ஒன்று மேலே போகிறவரின் பையில் இருக்கட்டும், வேனில் இருந்து பிரயோஜனமில்லை. ஹெல்மெட்டில் விளக்குப் பட்டை நழுவாமல் நிற்கிறதா என்று தலையை நன்றாக ஆட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. யாராவது உங்களைக் கீழேயே நின்று கயிறு பிடிக்கச் சொன்னால் பிடியுங்கள், அது லேசான வேலை இல்லை, ஓர் உயிர் அதில் இருக்கிறது. ஆனால் பிடிப்பதற்கு முன்னால், அடுத்த முறை என்னுடையது என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பிடியுங்கள்.