கத்தாத பூச்சு

எங்கள் வீட்டில் கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போடக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் இதைக் கஞ்சத்தனம் என்றுதான் நினைத்தேன். படுக்கையறைக் கதவு கிறீச்சிடும். சமையலறை ஜன்னல் முனகும். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை 'டக்' என்று சொல்லிவிட்டுத்தான் நகரும். கீழ்வீட்டுத் தையல்காரர் ஒருமுறை மாடிப்படியில் என்னை நிறுத்தி, "என்னம்மா, வீட்டுக்குள்ளயே மரம் அறுக்குறீங்களா?" என்று கேட்டார்.

அத்தையிடம் சொன்னால், "இருக்கட்டும்மா, பழகிடும்" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. இத்தனைக்கும் என் மாமியார் வேலை பார்ப்பது உராய்வைக் குறைக்கிற கம்பெனியில். எந்திர பாகங்களுக்குக் கார்பன் பூச்சு போட்டுத் தருகிற இடம் அது. தலைமுடியைவிட மெல்லிசான கருப்புத் தோல் மாதிரி இருக்கும் அந்தப் பூச்சு. அதைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் எஃகுத் தட்டுகளைத் தேய்த்து மெருகேற்றுவது அத்தையின் வேலை. உலகத்து இரும்பையெல்லாம் வழுக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து இந்தக் கச்சேரியைக் கேட்கிறாரே என்று என் வீட்டுக்காரரிடம் பொருமுவேன். அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். "கதவை மட்டும் விட்டுடு" என்பார். மாமனார் அதே கம்பெனியில் ஏதோ வாயு விபத்தில் போய்விட்டார் என்பது எனக்குத் தெரியும். அதற்கும் கீலுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

குழந்தை பிறந்ததும் என் பொறுமை பறந்துவிட்டது. அரும்பாடுபட்டுத் தூங்க வைத்துவிட்டு வெளியே வந்தால் கதவு கிறீச், குழந்தை வீல். ஒரு நாள் அத்தை வேலைக்குப் போனதும் தையல்காரரிடம் மெஷின் எண்ணெயை இரவல் வாங்கி வந்தேன். கதவு, ஜன்னல், விசிறி எதையும் விடவில்லை. அன்று தூங்கினாள் பாருங்கள் என் மகள், அப்படி ஒரு தூக்கம். நானும் பக்கத்தில் படுத்துக் கண்ணயர்ந்துவிட்டேன்.

அத்தை வந்தது எனக்குத் தெரியாது. கதவுதான் சொல்லவில்லையே. கண் விழித்தபோது அத்தை கன்னத்தை உப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு, குழந்தையைக் கட்டிலிலிருந்து வாரி எடுத்துக்கொண்டிருந்தார். மறு கையால் என்னைப் பற்றி இழுத்தார். அகப்பட்டது என் தலைமுடி, அதைப் பிடித்தே இழுத்தார். மாடிப்படிக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்து மூச்சு விட்டார். "மூச்சு விடு! நல்லா இழுத்து விடு!" என்று என் முதுகில் அறைந்தார். குழந்தை வீறிட்டது. அதைக் கேட்டதும் அத்தை படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கென்ன பைத்தியமா அத்தை?" என்று கத்தினேன். மரியாதை பார்க்கிற நேரமா அது?

"எண்ணெய் போட்டியா?"

"போட்டேன். கொலையா பண்ணினேன்?"

அத்தை குழந்தையின் மார்பில் கையை வைத்து, மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

மாமாதான் சோதனை எந்திரத்தை ஓட்டுபவர். பூச்சு போட்ட தட்டு சுழலும். பேரிங்குக்குள் இருக்குமே, அந்த மாதிரி இரும்புக் குண்டு ஒன்றை அதன்மேல் எடை வைத்து அழுத்துவார்கள். சாதாரணக் காற்றில் அது கத்தும். காற்றின் ஈரம் பூச்சின்மேல் ஒட்டிக்கொண்டு, குண்டைப் பிடித்துப் பிடித்து விடும். அதே தட்டையும் அதே குண்டையும் காய்ந்த நைட்ரஜனுக்குள் வைத்தால், ஒன்றை ஒன்று தொடுவதே தெரியாமல் வழுக்கும். அதற்காக எந்திரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நைட்ரஜனை விட்டுக்கொண்டே இருப்பார்கள். பெட்டியின் மூடி சரியில்லை. இடுக்கு வழியாக ஈரக்காற்று நுழைந்து, எந்திரம் எப்போதும் முனகிக்கொண்டே இருந்தது. மாமாவுக்கு அது மானப் பிரச்சினை. அன்று காலை மூடிக்குப் புது ரப்பர் வைத்தார். காற்று வரக் கூடாதென்று அறைக் கதவையும் சாத்திக்கொண்டார். அத்தை அடுத்த அறையில் தட்டு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளேர்ந்து 'கேக்குதா?'ன்னு கேட்டாரு. 'ஒண்ணும் கேக்கல'ன்னேன். 'அதேதான்!'னு சிரிச்சாரு. அப்பாடா, இந்த மனுஷன் இனிமே வீட்டுக்கு வந்து ரப்பர் புராணம் பாட மாட்டாருன்னு நெனச்சேன். அந்த அமைதி அவ்வளவு நல்லா இருந்துச்சும்மா. அதைத்தான் என்னால தாங்க முடியல."

மூடி அன்றைக்கும் சரியாகவில்லை. பின்பக்கம் குழாய் கழன்று அந்தச் சின்ன அறை முழுக்க நைட்ரஜன் நிறைந்திருந்தது. இடுக்கு வழியே நுழைய ஈரக்காற்று மிச்சமில்லை, அதனால்தான் எந்திரம் வாயை மூடியது. நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. அத்தை டீயோடு கதவைத் திறந்தபோது மாமா எந்திரத்தைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தட்டு சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"இப்பவும் வீடு அமைதியானா அவரு கேக்குறாரு. 'கேக்குதா?'ன்னு. நான் என்னன்னு பதில் சொல்றது?"

அத்தை வேலையை விடவில்லை, மேசையை மட்டும் மாற்றிக்கொண்டார். அங்கே இன்னொரு வகைப் பூச்சு. மாமா சோதித்ததில் ஹைட்ரஜன் கலந்திருக்கும், இது ஹைட்ரஜன் கலக்காத கார்பன். அதன் குணம் நேர்மாறு. ஈரக்காற்றில் சமர்த்தாக வழுக்கும். நைட்ரஜனுக்குள் போனால் இரும்பைக் கவ்விக்கொண்டு அலறும். "அதுதாம்மா நல்ல பூச்சு. காத்து போச்சுன்னா ஊரைக் கூட்டிடும்" என்றார்.

என் வீட்டுக்காரர் வந்ததும் ஏன் முன்பே சொல்லவில்லை என்று பிடித்துக்கொண்டேன். "சொன்னா உனக்கும் கேக்க ஆரம்பிச்சிடும்" என்றார். அவருக்கும் கேட்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் கீல்களைச் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தேன். மண்ணைக்கூட அள்ளித் திணித்தேன். ஒரு கதவைக் கத்த வைக்க இந்தப் பாடு பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அது கத்தவே இல்லை. "விடும்மா, பிள்ளை தூங்கட்டும்" என்றார் அத்தை. ஆனால் குழந்தை தூங்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கருகே விரலை வைத்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால்கூட எழுந்து வருவதில்லை. அவருடைய தூக்கத்தை எடுத்துத்தான் என் மகளுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று குறுகுறுத்தது.

ஒரு சாயங்காலம் பாத்திரம் கழுவிவிட்டுக் குழாயை மூடினேன். வீடு அப்படியே நின்றுவிட்டது. விசிறி சுற்றுகிறது, சத்தமில்லை. தெருவிலும் ஒன்றுமில்லை. குழந்தை உள்ளே தூங்குகிறது. அப்போது எனக்குக் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் பார்த்தேயிராத மனிதரின் குரல், சந்தோஷமான குரல். 'கேக்குதா?'

ஓடினேன். குழந்தை வாயை லேசாகத் திறந்தபடி மல்லாந்து கிடந்தாள். மார்பு அசைகிறதா என்று பார்க்கக்கூட நிற்கவில்லை. தொடையில் கிள்ளினேன், பலமாகவே. வீடு அதிர அலறினாள்.

திரும்பினால் கதவருகே அத்தை, கையில் வேலைக்குக் கொண்டுபோகும் பையோடு. பேத்தியை நான் கிள்ளியதைப் பார்த்துவிட்டார். திட்டட்டும் என்று நின்றேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கதவில் சாய்ந்தார்.

"கேக்குது" என்றார், என்னிடம் இல்லை. "கேக்குதுங்க. நல்லாவே கேக்குது."