முன்கூட்டிக் கேட்ட சாவுக் காசு

எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் தலைக்கு இருநூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிடுவோம். மாலை, மேளம், வண்டி எல்லாம் அதில் முடிந்துவிடும். வசூல் செய்வது கிறிஸ்டினா. அவள் பையோடு சீட் சீட்டாக வந்தால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். சாவுக்குக் கொடுப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கு என்றால்தான் எங்களுக்குக் கை வராது.

முனியம்மா மாதனூரில் ஏறுவாள். ஷூவின் மேல்பாகம் தைக்கும் லைனில் வேலை. அவள் கணவர் கோதண்டராமன் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் தோல் பதனிடும் டிரம் ஓட்டியவர். அறுபது வயதாவதற்குள் அவருக்கு எல்லாம் மறக்க ஆரம்பித்தது. முதலில் சாப்பிட்டது மறந்தது, பிறகு வீடு, பிறகு முனியம்மாவே மறந்துபோனாள். ஒரு நாள் தன் வீடு என்று நினைத்து யார் வீட்டுக்குள்ளோ போய்ப் படுத்துவிட்டார். திருடன் என்று அடித்ததில் உதடு கிழிந்தது. குடி என்றார்கள், செய்வினை என்றார்கள். வேலூரில் ஒரு டாக்டர்தான் அதற்கு டிமென்ஷியா என்று பெயர் சொன்னார். குணமாகாது, பக்கத்தில் எப்போதும் ஆள் வேண்டும் என்றார். அதற்குப் பிறகு முனியம்மா அவரை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு வேலைக்கு வந்தாள். வேறு என்ன செய்வாள்? பிள்ளைகள் இல்லை. அவள் தைக்காவிட்டால் இரண்டு பேருக்கும் சோறு இல்லை.

இந்த நோயைப் பற்றிப் பேச ஒரு டிரஸ்ட்டிலிருந்து கம்பெனி கேன்டீனுக்கு வந்தார்கள். பேனர் கட்டி, படம் போட்டு, ஆளுக்கொரு தொப்பி கொடுத்தார்கள். பேச்சில் குறை சொல்ல முடியாது. முனியம்மா எழுந்து, "பகல்ல அவரப் பாத்துக்க ஒரு ஆள் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டாள்.

"இந்த நிதி விழிப்புணர்வுக்கு மட்டும்தாம்மா" என்றார் வந்தவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முனியம்மா தொப்பியை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்க வீட்டுக்காரர் செத்தா காசு சேத்துக் குடுப்பீங்க இல்ல? அத இப்பவே குடுத்துடுங்க. எங்க தெரு ஹலீமா பீ பகல் பூரா அவரப் பாத்துக்கறேன்னு சொல்லிடுச்சு. மாசம் ரெண்டாயிரம் குடுத்தாப் போதும்."

பஸ்ஸே கொதித்தது. "இன்னாக்கா இது! கழுத்துல தாலிய வெச்சுக்கினு பேசற பேச்சா?" என்று கத்தினாள் கிறிஸ்டினா.

"செத்தப்புறம் மேளம் அடிச்சா அவருக்கு இன்னா தெரியப் போவுது?"

அந்த வாரம் முழுக்கச் சண்டை. வாயும் வயிறுமாக இருக்கிற பெண்கள் இருக்கும் பஸ்ஸில் சாவைக் கூப்பிடுகிறாள் என்றுகூடப் பேசினார்கள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு கொடுத்தார்கள். அவர் இறந்தால் மறுபடி கேட்கக் கூடாது. முனியம்மா சரி என்றாள்.

ஹலீமா பீ அவரைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், கையைப் பிடித்துத் தெருவில் நடத்தினாள். அவளைத் தன் அக்கா என்று நம்பி, அவள் சொன்னபடி அவர் கேட்டார். கொடுத்த காசு தீர்ந்த பிறகும் ஹலீமா பீ பாதிக் கூலிக்குப் பார்த்துக்கொண்டாள். ஆனால் நோய் நிற்கவில்லை. விழுங்குவதுகூட அவருக்கு மறந்துபோனது. நெஞ்சில் சளி கட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தார்.

பஸ்காரர்கள் எல்லோரும் போனோம். யாரும் காசு கொண்டுபோகவில்லை, சொன்ன சொல் சொன்னதுதான். அவர் மேல் ஒரே ஒரு மாலை கிடந்தது. "மேளம்கூட வெக்கலியா?" என்று சொந்தக்காரர் ஒருவர் சத்தமாகவே கேட்டார். அழுதுகொண்டிருந்த முனியம்மா நிமிர்ந்தாள்.

"மேளக் காச அவரு உயிரோட இருக்கும்போதே சாப்ட்டுட்டாரு மாமா."

அப்போது கிறிஸ்டினா போய் அவள் பக்கத்தில் குந்தினாள்.

"அக்கா, எங்கம்மா என்னையே யாருன்னு கேக்குது. நானும் பூட்டிட்டுத்தான் வர்றேன், யார்கிட்டயும் சொல்லல. அதோட சவப்பெட்டிக் காச இப்பவே கேட்டா குடுப்பாங்களா? எனக்குக் கேக்க வாய் வரல."

முனியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இவரத் தூக்கட்டும்மா. காரியம் முடிஞ்சு பஸ் ஏறின அன்னிக்கே நான் கேக்கறேன்" என்றாள்.