பன்னிரண்டு பேரும் சரியாக இருந்தார்கள்

காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். கோபுரத்தில் ஏறும் முன் ஒரு தாளில் உள்ள முப்பத்தோரு வரிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. பாளையங்கோட்டையில் நான் படித்த பள்ளியின் சாரணியர் பிரிவுக்குச் சனிக்கிழமைகளில் உதவியாளராகப் போனபோது, அங்கேயும் ஒரு தாளும் பேனாவும் கையில் இருந்தன.

முக்கூடலுக்கு அருகே ஆற்றங்கரைத் தென்னந்தோப்பில் இரண்டு நாள் குடும்ப முகாம் என்று முடிவானதும் அறிவிப்பை நான்தான் தயாரித்தேன். போர்வை, டார்ச், தட்டு, தம்ளர், மாற்றுடை, கொசுவத்தி. எதுவும் விடுபடவில்லை. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டேன். குழுவில் இல்லாத ஒரே ஒரு தாய்க்கு அதையே அச்சடித்து மகளிடம் கொடுத்தனுப்பினேன்.

அந்தத் தாய் சீவலப்பேரியில் வயல் வேலைக்குப் போகிறவர். மகளுக்குப் பத்து வயது. ஞாயிறு காலை உறுதிமொழி சொல்லி ஸ்கார்ஃப் வாங்கவேண்டிய புதுப்பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. வீட்டில் அம்மாவிடம் தினமும் ஒப்பித்துக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை காலை வேனில் ஏறும்போது, அம்மா நடுகையை முடித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் பஸ்ஸில் வந்துவிடுவாள் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள். நல்லது என்றேன்.

நாள் முழுக்க வானம் மூடியிருந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. மற்ற குடும்பங்கள் காரிலும் பைக்கிலும் மதியத்துக்குள் வந்து சேர்ந்தன. அப்பாக்கள் கூடாரம் அடிப்பதில் போட்டி போட்டார்கள். சாய்ந்து நின்ற ஒரு கூடாரத்தைப் பார்த்து, “அண்ணாச்சி, இதுல கோழிகூட அடையாதுவே” என்று ஒருவர் சொல்ல, கட்டியவர் உட்படச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மணிக்கு ஒரு முறை விசில் ஊதி, எங்கள் சாரணியர் பன்னிரண்டு பேரையும் வரிசையில் நிறுத்தி எண் சொல்ல வைத்தேன். ஆற்றங்கரை என்பதால் நானே வகுத்துக்கொண்ட விதி அது. மூன்று மணிக்குப் பன்னிரண்டு. நான்கு மணிக்கும் பன்னிரண்டு. கடைசி எண் காதில் விழுந்ததும் தாளில் டிக் போட்டேன். தலையை நிமிர்த்திப் பார்த்ததாக நினைவில்லை.

நான்கரை மணிக்குத் தோப்பின் வாசலில் அந்தத் தாய் வந்தார். முழங்காலுக்குக் கீழே சேறு காய்ந்திருந்தது. வாங்க அக்கா என்று நான்கடி எடுத்து வைத்த பிறகுதான் அவர் கையைப் பிடித்தபடி மகள் வருவதைக் கவனித்தேன். உள்ளே இருக்கவேண்டியவள் வெளியிலிருந்து வருகிறாள். அந்த நொடி வரை அவளைக் காணோம் என்றே எங்கள் யாருக்கும் தெரியாது.

“பிள்ளைய எதுக்கு டீச்சர் ரோட்டுல நிக்க விட்டிய?” என்று கேட்டார். குரல் உயரவில்லை.

மூன்றரை மணிக்கே அவள் யாரிடமோ வழி கேட்டு நடந்து போய் மெயின் ரோட்டு நிறுத்தத்தில் நின்றிருக்கிறாள். நான்கு மணிக்கு எண்ணினேன், சரியாக இருந்தது என்றேன். சொல்லும்போதே வேறொரு பிள்ளையின் தங்கை என் கண்ணில் பட்டாள். அக்காவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு எங்கள் பிள்ளைகளோடு நின்றிருந்தாள். வரிசையில் நின்றாயா என்று கேட்டேன். ஏழு சொன்னேன் என்றாள், பெருமையாக.

“எண்ணுனது சரியா இருந்துச்சுங்கிய. எம்பிள்ள இங்கன இல்லையே டீச்சர்.”

“ஒனக்கு வழி தெரியாதுன்னு நான்தாம்மா போனேன்” என்றாள் சிறுமி.

“நீ சும்மா இருட்டி.”

வழி எப்படித் தெரியாமல் போகும் என்று எனக்குப் புரியவில்லை. அவர் இடுப்பிலிருந்து நான் அனுப்பிய தாளை எடுத்துக் காட்டினார். ‘இடம்: கீழே உள்ள இணைப்பைத் தொடவும்’ என்று இருந்தது. அதன் கீழே நீல நிறத்தில் ஒரு வரி ஆங்கில எழுத்துகள். ஊர் பெயரே இல்லை. பள்ளிக் காவலாளியிடம் கேட்டுத்தான் எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று தெரிந்துகொண்டாராம். அதற்கு மேல் வழி சொல்லக் காவலாளிக்கும் தெரியவில்லை. மகள் இதையெல்லாம் முன்பே யோசித்திருக்கிறாள்.

பொறுப்பாசிரியை டீ கொண்டுவந்து கொடுத்துச் சமாதானம் பேசினார். தாய் டீயை வாங்கிக்கொண்டார். ஆனால் மகளின் பையை எடுத்துவரச் சொல்லிவிட்டார். நாளைக்கு உறுதிமொழி சொல்லணுமேம்மா என்று மெல்லச் சொல்லிப் பார்த்துவிட்டு அவள் பையை எடுக்கப் போனாள். இனிமேல் எண் வேண்டாம், ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன் என்றேன்.

“அது மத்த பிள்ளையளுக்கு ஆவும் டீச்சர்.”

நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். காலையில் காரில் வந்தவள் நான். இந்தக் குறுக்குப் பாதையைப் பார்த்ததே இல்லை. சிறுமிதான் முன்னால் போனாள். அங்கன சகதி, இங்கன வாங்க என்று எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொண்டே போனாள். வழியில் வாய்க்கால் குறுக்கிட்டது. கைப்பிடி இல்லாத ஒற்றைக் கல்பாலம். நடுகைக்குத் திறந்துவிட்ட தண்ணீர் கல்லை நனைத்துக்கொண்டு வேகமாகப் போனது.

தாய் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார். முகாமுக்கு வரும்போது மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்ததில் பாலத்தைக் கவனிக்கவில்லை போல.

“இதுலயாட்டி தனியா வந்தே?”

அவள் தலையாட்டினாள். தாய் தண்ணீரையே பார்த்தபடி மகளின் தோளைப் பிடித்தார். என் பக்கம் திரும்பவில்லை.

பஸ் வருவதற்குள், முகாமில் தங்கச் சொல்லி இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதன் பிறகு கேட்கவில்லை. பஸ் வந்ததும் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்ததா என்று மட்டும் பார்த்தேன். கிடைத்திருந்தது.