என் படைத்தலைவனின் குணம்

நான் உருவாக்கிய, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டை மலேசியாவின் பூச்சோங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நண்பர்களோடு முதல்முறை ஆடினோம். ஆட்டம் முடிந்ததும், ஒவ்வொருவரின் பாத்திரத்துக்கும் என்ன குணம் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். நான் பெருமையோடு எழுதிய விதி அது.

நான் ஏற்று ஆடிய படைத்தலைவனைப் பற்றிச் சொல்லும் முறை, பக்கத்தில் இருந்த என் மனைவிக்கு வந்தது.

“அவன் யாரையும் பேசி முடிக்க விடமாட்டான்...”

“எங்க லா? எல்லார்கிட்டயும் யோசனை கேட்டானே,” என்று குறுக்கே பாய்ந்தேன்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் புரியச் சில நொடிகள் ஆயின.

“சரி, சொல்லு.”

“ஆனா யாருக்காச்சும் அடிபட்டா மொதல்ல ஓடி வர்றதும் அவன்தான். அதைத்தான் சொல்ல வந்தேன்.”

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடங்கள். இப்படி எத்தனை வாக்கியங்களின் பின்பாதியைக் கேட்காமலே விட்டிருக்கிறேனோ.