மஞ்சள் தாளில் ஒரு கட்டளை

மண்ணெண்ணெயில் ஒருமுறை, சவர்க்காரத்தில் இரண்டு முறை. கழுவிய கையை, உடுத்திருக்கும் சாரத்தின் உட்பக்கத்தில் துடைத்து, நகக்கண்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் அடைக்கலநாதன் அந்தத் தபாலுறையைத் தொடுவார். வருடத்துக்கு ஒருமுறை, மாசி மாதத்தில், தைவானிலிருந்து வருகிறது. உள்ளே ஒரு மஞ்சள் தாள். ஒரு சாண் நீளம், மூன்று விரல் அகலம். சிவப்பு மையில் மேலிருந்து கீழாக இழுத்துவிட்ட எழுத்துகள்.

வயது அறுபத்துநான்கு. காங்கேசன்துறைக்குக் கிழக்கே, வள்ளங்கள் ஏறும் கரையில் தகரக் கொட்டில் போட்டுப் படகு எஞ்சின் திருத்துகிறார். எதையும் கழற்றுமுன் எஞ்சினை ஓடவிட்டு, அதன் மூடியில் வலது காதை வைத்துக் கேட்பார். "உவருக்கு நெஞ்சிலை சளி" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இடது காது கேளாது. தைவான்காரரின் சரக்குக் கப்பலில் ஒன்பது வருடம் எஞ்சின் அறையில் நின்றதில் போன காது அது.

அங்கே அவருக்குக் கிடைத்த சிநேகிதன் லின். தன் ஊர்க் கோயில் பூசாரியிடம் சொல்லி, அடைக்கலநாதனுக்கும் ஒரு காவல் தாள் எழுதுவித்துக் கொடுத்தான். லின் செத்துப்போன பிறகும் அவன் மனைவி விடாமல் அனுப்புகிறாள். வந்த தாளைக் கொட்டிலில் மாட்டியிருக்கும் மாதா படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார். வருடம் முடிந்ததும் வாசலில் நின்று நன்றி சொல்லி எரித்து, சாம்பலைக் கடலில் விடுவார். பங்குத்தந்தை ஒருமுறை கேட்டுவிட்டார்: "இதென்ன அடைக்கலம், மாதாவுக்குப் பின்னாலை சீனன்ரை மந்திரம்?"

"அவ ஒண்டும் சொல்லேல்லை, சுவாமி. நானும் கேக்கேல்லை."

மந்திரம் என்றால் அவருக்குப் பிடிக்காது. "உது கச்சேரியிலையிருந்து வாற அரசாங்கக் கடிதம் மாதிரி. மேலை மூண்டு கீறு, அது மேலிடத்து மூண்டு பெரியாக்கள். அதுக்குக் கீழை 'கட்டளை' எண்டிருக்கும். பிறகு என்ன செய்யவேணுமெண்டு. கடைசியிலை சீல். சீலில்லாட்டி வெறுந்தாள்." யார் கேட்டாலும் இவ்வளவும் சொல்வார். தாளை யாருக்கும் கொடுத்ததில்லை, ஒருவனைத் தவிர.

கனகலிங்கம் போன கார்த்திகையில், திருத்தக் கொடுத்த எஞ்சினை எடுக்க வந்தவன். மணமாகி எட்டு வருடம் கழித்து மனைவி அருந்ததியின் வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. அந்தச் சந்தோசமே அவனுக்குப் பயமாகவும் இருந்தது. படத்துக்குப் பின்னால் மஞ்சளாய்த் தெரிந்ததைக் கண்டு, கதையைக் கேட்டு, மூன்று நாள் வந்து கெஞ்சினான். "எனக்குத் தாங்கோ அண்ணை. உங்களுக்கு இனிக் கடலில்லைத்தானே." அதுவும் உண்மைதான் என்று அடைக்கலநாதனுக்குப் பட்டது. தாளைப் பொலித்தீனில் சுற்றி, எஞ்சின் மூடியின் உட்புறத்தில் தன் கையாலேயே ஒட்டிக் கொடுத்தார்.

அடுத்த கிழமை கடலுக்குப் போகவேண்டாம் என்று வானொலி அறிவித்தது. மற்றவர்கள் வள்ளங்களை மேலே இழுத்துவிட்டார்கள். கனகலிங்கம் மட்டும் மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு கொட்டிலைத் தாண்டிப் போனான். "எல்லாருக்கும் வானொலி, எனக்கு மேலிடத்துக் கடிதம்" என்று சிரித்தான். காற்று வாடைக்குத் திரும்பியிருந்ததை அடைக்கலநாதன் முகத்தில் உணர்ந்தார். போகாதை என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. தானே ஒட்டிக் கொடுத்த தாளைத் தானே எப்படிச் சந்தேகிப்பது என்று அந்த ஒரு கணம் தயங்கிவிட்டார். வள்ளம் நான்காம் நாள் வடமராட்சிப் பக்கம் கவிழ்ந்தபடி கிடைத்தது. எஞ்சின் அதிலேயே இருந்தது. அவன் இல்லை.

நாற்பது நாள் கழித்து அருந்ததி அந்த எஞ்சினை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஏழாம் மாதம். வள்ளத்தைத் தன் தம்பி ஓட்டப் போகிறான், எஞ்சின் ஓடவேண்டும் என்றாள். அடைக்கலநாதன் மூடியைக் கழற்றினார். உள்ளே எல்லாம் உப்புப் பூத்திருந்தது. பொலித்தீனுக்குள் தாள் மட்டும் நனையாமல் இருந்தது.

"நான் மூடியைத் திறந்து கண்டனான்," என்றாள் அவள். "உங்களிட்டைக் கேக்கத்தான் தாளைக் கழட்டாமல் வைச்சனான். உதிலை என்ன எழுதியிருக்கு, அண்ணை?"

அவர் உட்காரச் சொல்லி மர வாங்கைக் காட்டினார். அவள் இருக்கவில்லை.

"காத்தும் கடலும் அடங்கவேணும். இந்த ஆளைச் சேதமில்லாமல் கரையிலை விடவேணும். அப்பிடிக் கட்டளை."

"அப்ப ஏன் அவரை விடேல்லை?"

கொட்டிலின் தகரம் காற்றுக்கு அடித்துக்கொண்டது. ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். தாள் பழசாகிப் போச்சு என்று சொன்னாலே அவள் நம்பியிருப்பாள்.

"சீலுக்கு மேலை ஒரு பேர் இருக்குது, பிள்ளை. சண்டைக் காலத்து ஆமிப் பாஸ் மாதிரி. ஆரின்ரை பேர் கிடக்கோ அவருக்குத்தான் செல்லும். உதிலை கிடக்கிறது என்ரை பேர்."

"அவருக்குத் தெரியுமோ?"

"இல்லை. நான் சொல்லேல்லை. பேரிலை என்ன கிடக்கு எண்டு நினைச்சிட்டன்."

அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. வயிற்றைப் பிடித்தபடி குனிந்து, தாளில் சீலுக்கு மேலே பார்த்தாள். ஏசியிருந்தால் நல்லது என்று அவருக்கு இருந்தது.

"அப்ப தம்பிக்கு அவன்ரை பேரிலை ஒண்டு எடுத்துத் தாங்கோ."

"வேண்டாம், பிள்ளை. உது காத்தை மறிக்காது. லின்ரை தமையனும் கடலிலைதான் போனவன். அவன்ரை பொக்கற்றிலும் உது இருந்தது. காத்து மாறினா தம்பியைப் போகவிடாதை. அதுதான் காவல்."

"அதையும் பாப்பன். இதையும் தாங்கோ. அவர் வேறை ஆளின்ரை பேரோடை போயிட்டார். இவனெண்டாலும் தன்ரை பேரோடை போகட்டும்."

லின்னின் மனைவிக்கு எழுதிப்போட அடைக்கலநாதன் ஸ்பார்க் பிளக் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து விரித்து, பேனையைத் தேடி எடுத்தார்.

"பேர்?"

"கோபிசங்கர்."

பிறந்த திகதி கேட்டார், நேரம் கேட்டார், தகப்பன் பேர் கேட்டார். தமிழில் ஒருமுறை, கீழே ஆங்கிலத்தில் ஒருமுறை, தனித்தனி எழுத்தாக எழுதினார். எழுதி முடித்து, அட்டையை அவள் கையில் வைத்தார்.

"ஒவ்வொரு எழுத்தா வாசி, பிள்ளை," என்று கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பினார்.